ஐந்தாவது அளவு

அழகர்சாமி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

மேலூர்ப் பக்கத்துக்காரர். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, தொண்ணூற்றாறில் ஓசூருக்குப் பஸ் ஏறினார். சிப்காட்டில் ஒரு கம்பெனி, கார் வைப்பர் மோட்டாருக்குள் போகிற புஷ் செய்கிறது. புஷ் என்றால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன உலோக வளையம், அவ்வளவுதான். அங்கே ஈ.டி.பி. என்று ஒரு கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட். கம்பெனியிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான் என்பதால் மெஷின்காரர்கள் அதை ஊட்டி என்பார்கள். அந்த ஊட்டியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

உட்கார்ந்திருந்தார் என்றால் சும்மா உட்காரவில்லை. புஷ்களைக் கடைசியாக அளந்து பார்க்கிற மேஜையில் ஓடிய சாஃப்ட்வேர் அவர் ஒற்றை ஆளாக விபி சிக்ஸில் எழுதியது. ஒரு ட்ரேயில் ஐம்பது புஷ். அதில் ஐந்தை எடுத்து உள்வட்டத்தை அளக்க வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எத்தனை மைக்ரான் என்பதை மட்டும் இரண்டு இலக்கத்தில் அடித்தால் போதும். பத்திலிருந்து இருபத்தொன்று வரைக்கும் நல்லது. ஐந்தில் ஒன்று அதைத் தாண்டினாலும் முழு ட்ரேக்கும் சிவப்பு ஸ்டிக்கர், இல்லையென்றால் பச்சை. அந்த மேஜைகளில் மவுஸ் கிடையாது. எண்ணெய்க் கைக்கு எந்த மவுஸும் ஒரு மாதம் தாங்கவில்லை என்று அழகர்சாமியே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, “அஞ்சும் அடிச்சதும் எஃப் நைன் தட்டுங்க, போதும்” என்று பழக்கிவிட்டார். பழகிவிட்டார்கள். எஃப் நைன் சாவியில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது.

இரண்டாயிரத்து எட்டு தீபாவளி முடிந்ததும் கார் விற்பது நின்றது. சிப்காட் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றானது. ஈ.டி.பி.யில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கு ஒரே நாளில் கணக்குத் தீர்த்துக் கவர் கொடுத்தார்கள். மிச்சம் அழகர்சாமி. தன்னை ஏன் விட்டுவைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. கேட்கப் போனால் ஞாபகம் வந்து அனுப்பிவிடுவார்களோ என்று கேட்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து பெங்களூர் ஹெட் ஆபீசிலிருந்து ஸ்ரீராம் வந்தான். இருபத்தொன்பது வயசு, எல்லாப் பிளாண்டுக்கும் சாஃப்ட்வேர் மேனேஜர். அழகர்சாமி எழுதியதைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தான். பார்த்த விதம், பழைய வீட்டில் கரையான் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

“எல்லாமே பட்டனுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கீங்க சார். அளவு, விதி, ஸ்டிக்கர், டேட்டாபேஸ், எல்லாம் ஒரே எடத்துல. இத யாரு மெயின்டெயின் பண்றது?”

“நான்தான் பண்றேன்” என்றார் அழகர்சாமி.

“அதான் பிரச்சினை” என்றான் ஸ்ரீராம், கோபமில்லாமல்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். எல்லாப் பிளாண்டிலும் புது முறை வருகிறது. மாடல், வியூ, வியூமாடல். திரை தனி, விதி தனி, நடுவில் இரண்டுக்கும் தூது போக ஒரு அடுக்கு. ஓசூரில் முதலில் அதற்கான ஃபிரேம்வொர்க் என்கிற கட்டுமானத்தை நிறுவி அளக்கிற சாஃப்ட்வேரை அதற்கு மாற்ற வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் ஓட வேண்டும். ஓடினால் அழகர்சாமி அதைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பெங்களூரில் ஒரு வெண்டர் தயாராக இருக்கிறான், ஓசூரில் ஆளே தேவையில்லை. திரைக்குப் பின்னால் நேரடியாக ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது கண்டிஷன்.

நாற்பத்தொரு வயசில் இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? வேலை தேடிப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் இரண்டு இன்டர்வியூ போய் வந்திருந்தார். ஒரு இடத்தில் கேள்வி கேட்ட பெண் இவருடைய அக்கா மகள் வயசு. “விபி சிக்ஸ் தவிர வேற என்ன தெரியும் அங்கிள்?” என்று கேட்டுவிட்டு, அங்கிள் என்றதற்காக அவளே மன்னிப்பும் கேட்டாள். இன்னொரு இடத்தில் ரிசப்ஷனிலேயே தபாலில் சொல்கிறோம் என்றார்கள். மகள் ரஞ்சிதா ப்ளஸ் டூ. மனைவி ஜோதிமணி அந்த நாட்களில் எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்ப்பாள், இன்றைக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆகவே படித்தார். இணையத்திலிருந்து ஒரு டூல்கிட்டை இறக்கினார். அது பாதி வெந்த சோறு, எழுதியவர்களே இன்னும் சோதனையில் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். முதல் வாரம் ஒரு எழவும் விளங்கவில்லை. ஓட்டலை வைத்துத்தான் தனக்குத் தானே புரியவைத்துக்கொண்டார். சாப்பிடுகிறவர் அடுப்படிக்குள் வரக் கூடாது, சமையல்காரர் இலைக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது, நடுவில் சர்வர் வாங்கிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். சர்வர்தான் வியூமாடல். திரையில் ஒரு பெட்டியில் எண் அடித்தால் அது தானாகவே வியூமாடலுக்குப் போய்ச் சேரும், வியூமாடலில் ஒன்று மாறினால் திரை தானாகவே மாறும். இந்தத் தானாகவே என்ற வார்த்தையைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் வாழ்க்கையில் தானாகவே எதுவும் நடந்ததில்லை.

நம்பாதது சரியாகத்தான் போயிற்று. பெட்டிக்கு வைத்த பெயரில் ஒரு எழுத்துத் தப்பினாலும் இந்தக் கட்டுமானம் வாயைத் திறக்காது. பிழை என்று கத்தாது, நிற்காது, பெட்டி மட்டும் காலியாக இருக்கும். ஒரு முழு நாள் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த கண்டம் எஃப் நைன். பட்டனை வியூமாடலோடு கட்டுவது சுலபமாக வந்தது, சாவியைக் கட்ட அந்தப் பதிப்பில் நேர்வழியே இல்லை. திரைக்குப் பின்னால் இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது, ஆனால் அது கூடாதே. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, இடையில் ஒரு துணை உருப்படியை வைத்து எஃப் நைனைக் கட்டிவிட்டார். ஸ்ரீராம் பெங்களூரிலிருந்து போன் செய்து, “சூப்பர் சார், நம்ம டீம்லயே யாருக்கும் இது வரல” என்றான். அன்றைக்கு ஒரு நாள் ஜோதிமணிக்குப் பூ வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் எதற்காக என்று பிறகு பாருங்கள்.

ஏப்ரல் ஆறாம் தேதி புது சாஃப்ட்வேர் மேஜைகளில் ஏறியது. திரை பளிச்சென்று இருந்தது. குவாலிட்டி மேனேஜர் ரத்தினவேல் வந்து பார்த்து, “கலரெல்லாம் நல்லா இருக்குய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அளந்தவர்கள் அதே மாதிரிதான் அளந்தார்கள். ஒரு பெட்டியில் அடிப்பது, என்டர், அடுத்த பெட்டி. ஐந்தாவது அடித்ததும் எஃப் நைன். ஸ்டிக்கர் விழும். மறுபடி என்டர் தட்டினால் முதல் பெட்டி.

மூன்றாம் நாள் காலையில் கேன்டீன் வரிசையில் முனிலட்சுமி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பாகலூர்ப் பக்கத்துப் பெண், முதல் ஷிப்ட் மேஜையில் அளப்பவள். ஐந்து வருஷமாக கான்ட்ராக்ட். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். எதிலும் குரலை உயர்த்த மாட்டாள்.

“சார், புதுசு கொஞ்சம் மாத்தி மாத்தி சொல்லுதுங்க” என்றாள். “கெட்ட பீஸுக்குப் பச்சை வந்துச்சு. அதுக்கடுத்த ட்ரே நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்குச் செவப்பு வருது.”

“வேகமா அடிக்கிறியோ என்னவோ.”

“இல்லீங்க சார். பழசுல எப்டி அடிச்சனோ அதே வேகந்தான்.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவளோடு மேஜைக்குப் போனார். அவளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தன் மவுஸை எடுத்துச் சொருகினார். தளத்தில் எந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் கொண்டுபோவதைப் போலக் கொண்டுபோவார். வேண்டுமென்றே ஐந்தாவது பெட்டியில் இருபத்தாறு அடித்தார். மவுஸை நகர்த்தித் திரையில் இருந்த சேவ் பட்டனை அமுக்கினார். சிவப்பு. மறுபடி பதினான்கு அடித்தார், அமுக்கினார். பச்சை. ஆறேழு தடவை செய்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“பாரும்மா, சரியாத்தான இருக்கு. நீயா யோசிக்காத. கம்ப்யூட்டர் என்ன ஸ்டிக்கர் தருதோ அத ஒட்டு.”

“சரிங்க சார்” என்றாள் முனிலட்சுமி. அவர் மவுஸை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் சொன்னபடி செய்தாள். அதுதான் கொடுமை. அவள் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்து, உன் கம்ப்யூட்டரும் ஆச்சு நீயும் ஆச்சு என்று கெட்ட பீஸைத் தனியே எடுத்து வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சிவப்பு விழுந்த ட்ரேக்களை மறுபடி அளந்தவர்களுக்கு எல்லாம் நல்லதாக வந்தது. புது சாஃப்ட்வேருக்குக் கண்டிப்பு ஜாஸ்தி என்று சிரித்துக்கொண்டார்கள். பச்சையை யாரும் மறுபடி அளப்பதில்லை.

ஏப்ரல் இருபத்திரண்டில் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ட்ரேயில் புஷ்கள் தொளதொளவென்று இருக்கின்றன, வைப்பர் மோட்டார் இரைகிறது, உடனே காரணம் சொல்லவும். ரத்தினவேல் அந்த ட்ரேயின் பதிவை எடுக்கச் சொன்னார். பதினொன்று, பதினைந்து, பதினான்கு, பதினாறு, பதினான்கு. பச்சை. அளந்தவர் முனிலட்சுமி. திரும்பி வந்த புஷ்களில் ஆறு இருபத்தைந்துக்கு மேலே.

“நாலு அளந்திருக்கா, அஞ்சாவது கைக்கு வந்ததப் போட்டிருக்கா. சோம்பேறித்தனம்” என்றார் ரத்தினவேல்.

முனிலட்சுமியைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். ஐந்தும் அளந்தேன் என்றாள். அப்படியானால் இது என்ன என்று பேப்பரைக் காட்டினார்கள். பேப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழகர்சாமிக்கு அவள் கேன்டீனில் சொன்னது நினைவுக்கு வந்தது. விசாரணை முடிகிற வரையில் அவள் மேஜையில்தான் இருக்கிறாள் என்று தெரிந்து, மறுநாள் காலையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவளை எழுப்பவில்லை. “நான் இருக்கேன்னு பாக்காத, நீ உன் பாட்டுக்கு அள” என்றார்.

அவள் அளந்தாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று தெலுங்கில் மெல்ல எண்ணிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக என்டர் தட்டிப் போனாள். ஐது என்றாள், எண்ணை அடித்தாள், விரல் அங்கிருந்து நேராக எஃப் நைனுக்குப் போயிற்று. கர்சர் ஐந்தாவது பெட்டியிலேயே நின்று மினுக்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். அழகர்சாமிக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பெட்டியை விட்டு கர்சர் வெளியேறும்போதுதான் அதில் இருக்கிற எண் வியூமாடலுக்குப் போகும், அந்தக் கட்டுமானத்தின் வழக்கம் அது. மவுஸால் பட்டனை அமுக்கினால் கர்சர் பெட்டியை விட்டு வெளியே போகிறது, எண்ணும் போய்ச் சேர்கிறது. எஃப் நைன் தட்டினால் கர்சர் நகர்வதில்லை. ஐந்தாவது எண் திரையிலேயே நிற்க, போன ட்ரேயின் ஐந்தாவது எண் பதிவாகிறது. என்டர் தட்டிய பிறகுதான் இது உள்ளே போய், அடுத்த ட்ரேயின் தலையில் விழுகிறது. பட்டனை அமுக்கி அமுக்கியே அவர் இரண்டு மாதம் சோதித்திருந்தார். எஃப் நைன் தட்டினால் சேவ் ஆகிறதா என்று மட்டும் பார்த்தார், ஆனது. எது சேவ் ஆகிறது என்று பார்க்கவில்லை. மவுஸ் இல்லாத மேஜையை உண்டாக்கியவரே மவுஸோடு போய் அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தார்.

எழுத்து மாறியதுமே எடுத்துக்கொண்டு போ என்று பெட்டிக்கு ஒரு குறிப்பு சேர்த்தால் போதும். ஒரே ஒரு குறிப்பு. ஊட்டிக்கு வந்து சேர்த்தார், எஃப் நைன் தட்டிப் பார்த்தார், சரியாக வந்தது. பதினேழு நாள் நாசத்துக்கு மருந்து அரை நிமிஷ வேலை. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

மறைக்கலாமா என்று யோசித்தாரா? யோசித்தார். யோசிக்காதவரா நீங்கள்? ஆனாலும் எழுந்து ரத்தினவேல் அறைக்குப் போனார், அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஸ்ரீராமும் அன்றைக்கு ஓசூரில் இருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் மேல் தப்பு இல்லை, என் மேல்தான் என்றார்.

“எத்தன நாளா?” என்றார் ரத்தினவேல்.

“ஆறாந்தேதியில இருந்து சார்.”

“மூணு ஷிப்டுமா?”

“ஆமா சார்.”

“அப்ப அனுப்பின எல்லா ட்ரேயும் சந்தேகம். அத்தனையும் திருப்பிக் கூப்பிடணும். இந்த நெலமையில திருப்பிக் கூப்பிட்டா அவன் ஆர்டர வேற எவனுக்காச்சும் குடுத்துடுவான். முந்நூறு பேர் இருக்காங்கய்யா இங்க.” முனிலட்சுமியின் பதிவுப் பேப்பரை எடுத்து வைத்து, “அளந்த பொண்ணு தப்புன்னா ஒரு ட்ரேயோட போச்சு” என்றார்.

ஸ்ரீராம் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சார், இது சாஃப்ட்வேர்னு எழுதினா பெங்களூர்ல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கே வெண்டர் வந்துருவான். நானும் உங்கள வெச்சுக்க முடியாது. ஃபிக்ஸ் பண்ணிட்டீங்கல்ல? இனிமே தப்பு வராதுல்ல?”

“வராது.”

“அப்பறம் என்ன.”

ரத்தினவேல் ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். சாஃப்ட்வேர் சோதிக்கப்பட்டது, பிழை எதுவும் இல்லை. கீழே கையெழுத்துக்கு இடம். அழகர்சாமி நின்றுகொண்டே இருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டிப் பெண் அங்கிள் என்று கூப்பிட்டது காதில் கேட்டது. கதவைத் திறந்து ஜோதிமணி முகத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ரத்தினவேல் பேனா மூடியைக் கழற்றி வைத்தார், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்துகொண்டு போனவருக்கு, உண்மையைச் சொன்ன பிறகும் வேலை இருந்தது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜோதிமணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து கேட்டாள். “என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வேல இருக்கு” என்றார். அவள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து சாதம் போட்டாள். அவர் சாப்பிட்டார். சாப்பிட முடிந்ததுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொரு மணி இருக்கும். முனிலட்சுமி ஊட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேலையை விட்டு நிறுத்தப்படுகிறவர்களும் ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும், கான்ட்ராக்டாக இருந்தாலும். ஸ்டோர்ஸ், கேன்டீன், செக்யூரிட்டி எல்லாம் வாங்கியிருந்தாள். ஈ.டி.பி. கட்டம் மட்டும் காலி.

காகிதத்தை நீட்டிவிட்டு, ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சார், கோவிச்சுக்கலன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளும்மா.”

“எனக்கு அந்த ட்ரேக்கு அஞ்சாவதா இருவத்தாறு அடிச்ச மாதிரிதாங்க ஞாபகம். நல்லா ஞாபகம் இருக்குது. ஆனா பேப்பர்ல பதினாலுன்னு இருக்குது. சாஃப்ட்வேர நீங்களே பாத்து சரின்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. நீங்க அன்னிக்கே வந்து காட்டினீங்கல்ல, சரியாத்தான் இருந்துச்சு. அப்ப நாந்தான தப்பா அடிச்சிருக்கணும்?”

அழகர்சாமி அவளைப் பார்க்கவில்லை. காகிதத்தில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சரியாத்தாம்மா அடிச்ச என்று மூன்றே வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அறையில் வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அவள் யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறாள்?

“எதுக்கும் கண்ண ஒருதரம் காட்டிரும்மா” என்றார்.

அவள் முகம் தெளிந்தது. இத்தனை நாள் பிடிபடாதது பிடிபட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

“நானும் அதாங்க சார் நெனச்சுக்கினு இருந்தேன். வூட்ல எல்லாரும் கம்பெனிக்காரன் மேலதான் தப்பும்பாங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். பக்கத்துல இன்னொரு கம்பெனியில அளக்கறதுக்கு ஆள் கேட்டாங்க, வரேன்னு சொல்லியிருந்தேன். வேணாங்க. இனிமே அளக்கற வேலைக்கே போவ மாட்டேன். என்னால யாருக்காச்சும் கஷ்டம் வந்துடக் கூடாது பாருங்க.”

அழகர்சாமி கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிக் காகிதத்தை அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்த்து மடித்து, “வரேங்க சார், ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.